பால் காய்ச்சின அரண்மனை

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று சொல்லிவைத்தவர் மூன்றாவதாக ஒன்றை விட்டுவிட்டார்: எவனோ கட்டின வீட்டை எவனோ செய்யப்போகும் கல்யாணத்துக்குக் காட்டிப் பார்.

நான் காட்டியிருக்கிறேன். மார்க்கையன்கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, வாய்க்கால் ஓரத்தில், ஒரு சின்ன ஜமீன் குடும்பத்தின் பழைய வீடு இருந்தது. ஊரார் அதை ‘அரமனை’ என்பார்கள். குடும்பம் எப்போதோ மதுரைக்குப் போய்விட்டது. வீட்டில் மிஞ்சியவை இருபத்து நாலு தேக்குத் தூண்கள், கறுப்புக் கல் பாவிய ஒரு பெரிய கூடம், ஏகப்பட்ட வௌவால்கள், அப்புறம் காரியஸ்தன் என்ற பெயரில் நான். வாசலை ஒட்டி, ஜமீன் கணக்கு எழுதின பழைய கச்சேரி அறையில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம்.

பஸ் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் கல்யாணத்துக்கு வெளி வீடு தேடியதில்லை. சொந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டால் முடிந்தது. பஸ் வந்ததும் எல்லாம் மாறிப்போயிற்று. நடந்து வர அலுத்துக்கொண்டு தாம்பூலம் வாங்கிக்கொண்டதோடு நின்றுபோன சொந்தமெல்லாம் பிள்ளைகுட்டியோடு ஏறி வந்து இறங்க ஆரம்பித்தது. அத்தனை பேரை எங்கே உட்கார வைப்பது என்று திகைத்தவர்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

என்னை வேலைக்கு வைத்த அன்றே, ஜமீன் வாரிசான முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார். வீடு தன் சுண்ணாம்புக்கும் விளக்கெண்ணெய்க்கும் தானே சம்பாதிக்க வேண்டும். கல்யாணம் நின்றால் வீட்டைப் பிரித்துத் தேக்கை மரக்கடைக்குக் கொடுத்துவிடுவார். வீடு போனால் எங்கள் கச்சேரி அறையும் போகும். அதனால் வீடு பார்க்க வண்டி வந்து நின்றாலே சாவிக்கொத்தோடு வாசலுக்கு ஓடுவேன். கூடவே, இந்த மனிதர் எதைப் பார்க்கப் போகிறார் என்று ஒரு ஆவலும் வரும். வீடு பார்க்க வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதே இல்லை. இதை நான் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று.

கல்யாணத்துக்கு இடம் தேடிச் செருப்புத் தேய்ந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். உங்கள் பின்னாலேயே சாவிக்கொத்தோடு சுற்றினவனையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மடியில் கட்டி வந்த பருப்பு

முதலில் வந்தவர்களில் ஒருவர் சின்னமனூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த சம்சாரி. நான் வழக்கம்போல் தூண்களில் ஆரம்பித்தேன். ஒவ்வொன்றும் ஒரே மரம், மலையிலிருந்து யானை இழுத்து வந்தது, இரண்டு ஆள் சேர்ந்து கட்டினாலும் கை எட்டாது என்றெல்லாம் அளந்தேன். யானை எனக்கே புதிது. அன்று காலையில்தான் அது என் கதைக்குள் நுழைந்திருந்தது. அவர் ‘ம்’ போட்டுக்கொண்டே வந்து, கிணறு எங்கே என்று கேட்டார்.

தண்ணீர் இறைத்து வாய் கொப்பளித்துத் துப்பினார். பிறகு ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு வானத்தைப் பார்த்தார். நான் திரும்பவும் யானையை எடுப்பதற்குள் மடியை அவிழ்த்து, ஒரு பிடி துவரம்பருப்பை எடுத்து, ஒரு சட்டியும் நாலு விறகும் கிடைக்குமா என்று கேட்டார். என் மனைவி கொடுத்தாள். மூன்று கல்லைக் கூட்டி, கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, பருப்பைப் போட்டுவிட்டு அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் சில கிணற்றுத் தண்ணீரில் நாள் பூராவும் எரித்தாலும் பருப்பு வேகாது. பந்தியில் ஆயிரம் பேர் உட்கார்ந்த பிறகு அது தெரிந்தால் மானம் போய்விடும். அவர் முதுகைப் பார்த்து நான் தூண்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

பருப்பு வெந்தது. விரலால் நசுக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. எழுந்து மேல்துண்டை உதறிக்கொண்டு, நாள் குறித்துச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. கூடத்துக்குள் வந்து ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டேன். அவர் சொன்னார்:

“தூணையா எலையில பரிமாறப் போறேன், காரியஸ்தரே? பருப்பு வெந்துருச்சுல்ல, கல்யாணம் நடந்த மாதிரிதான்.”

கல்லுக்கு அடியில்

அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். கடமலைக்குண்டிலிருந்து மூன்று வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் கிணற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர்களில் மூத்தவர் முன்வாசலில் நின்று, காலால் தரையைத் தட்டினார். ஒரு சாண் மண் கூடத் தெரியாமல் வாசல் முழுக்கத் தளக்கல் பாவியிருந்தது. முகூர்த்தக்கால் எங்கே ஊன்றுவது என்று கேட்டார். முன்னால் வந்தவர்கள் செய்த மாதிரி உரலில் மணலை நிரப்பி அதில் நட்டுக்கொள்ளலாமே என்று சொல்லிவிட்டேன். பெண்ணைக் கொடுக்க வேண்டாம், படத்தை அனுப்பினால் போதும் என்று சொல்லியிருந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். முகூர்த்தக்கால் பூமியில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் அது கல்யாணமே இல்லை. ஜமீன் குடும்பம் இருந்த காலத்தில் இந்த வீட்டில் ஏதாவது கல்யாணம் நடந்திருக்கிறதா என்று கேட்டார். எத்தனையோ நடந்திருக்கிறது என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

அவர்கள் வண்டியைத் திருப்பினார்கள். அந்த வருஷம் அதுவரை இரண்டே கல்யாணம்தான் நடந்திருந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சி, ஊருக்குள் ஓடி ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தேன். எத்தனையோ கல்யாணம் நடந்த வீடு, கால் ஊன்றின குழி இல்லாமலா இருக்கும் என்று அவரிடமும் அளந்தேன். கல்லைப் பெயர்க்க எனக்கு உத்தரவு கிடையாது. கேட்டு எழுதிப் பதில் வருவதற்குள் பெண்ணுக்குக் குழந்தையே பிறந்துவிடும். கொத்தனார் கடப்பாரையால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டே போனார். ஈசானிய மூலையில் ஒரு கல் மட்டும் வேறு மாதிரிச் சத்தம் போட்டது. நெம்பித் தூக்கினார்.

உள்ளே செங்கல் சுற்றிக் கட்டின ஒரு குழி. அடியில் மக்கிப்போன மூங்கில் தூர். பக்கத்தில் ஒரு செப்புக்காசு, பச்சை பூத்துக் கிடந்தது. காசைச் சுற்றியிருந்த துணி தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. மூத்தவர் காசைக் கண்ணில் ஒற்றி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். அந்தக் கல்யாணம் யாருடையது என்று பிறகு நான் மதுரைக்கு எழுதிக் கேட்டேன், ஊரில் வயசானவர்களிடம் விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அது தெரியவில்லையே என்ற குறை எனக்கு இன்றைக்கும் உண்டு. அன்றைக்குக் கொத்தனார் மட்டும் கைமண்ணைத் தட்டிக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

“நீங்க பொய் சொல்றீகன்னு நெனச்சேன். ஒங்களுக்கே தெரியாம நெசத்தைச் சொல்லியிருக்கீக.”

துணி கட்டின தூண்கள்

உத்தமபாளையத்திலிருந்து ஒரு ராவுத்தர் வந்தார். ஏலக்காய் வியாபாரம், நாலு இடம் போய் வந்தவர், தன்மையான மனிதர். வீட்டை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தவரை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். பெண்கள் வரத் தனி வாசல் இருக்கிறதா, நடுவில் மறைப்பு உண்டா, கைகால் கழுவத் தண்ணீர் எங்கே, எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டார், வீடு பிடித்துப்போய்விட்டது. ஒன்றே ஒன்று இடித்தது. தூண்களின் தலைப்பில் பெண் உருவமும் யாளியும் செதுக்கியிருந்தார்கள். நிக்காஹ் நடக்கிற இடத்தில் உருவங்கள் இருப்பது சரியில்லை, அதற்கு மட்டும் ஏதாவது செய்ய முடியுமா என்று தயங்கிக் கேட்டார்.

இதென்ன பிரமாதம் என்று நானும் என் மனைவியும் மூங்கில் ஏணி போட்டு, இருபத்து நாலு தூணுக்கும் வெள்ளைத் துணியைக் கட்டி முடித்தோம். ராவுத்தருக்கு வெகு திருப்தி. கல்யாணத்தன்று பார்த்தால், வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்தபடி நடக்கிறார்கள். துணிக்கு உள்ளே என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். குழந்தைகள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நுனியைத் தூக்குகிறார்கள். கம்பத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், என் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய், தனக்கு மட்டும் ஒன்றைக் காட்டச் சொன்னார். பிரியாணி வந்த பிறகுதான் தலைகள் கீழே இறங்கின. சாயங்காலம் ராவுத்தர் என் தோளில் கைபோட்டுக்கொண்டு சிரித்தார்:

“மூடாம விட்டிருந்தா ஒருத்தனும் அண்ணாந்திருக்க மாட்டான். குத்தம் ஒங்க மேல இல்ல, எம்மேலதான், காரியஸ்தரே.”

குனிந்த தலை

கூடத்தின் கறுப்புக் கல் தளம் என்னுடைய பெருமை. தேங்காய்த் துருவலை மூட்டையாகக் கட்டி வாரத்துக்கு ஒரு தடவை தேய்ப்பேன். வருகிறவர்கள் தலைசீவிக்கொள்ளக் குனிந்து நிற்பார்கள், அப்படி ஒரு பளபளப்பு. வழுக்குகிறது என்று வயசானவர்கள் திட்டிக்கொண்டே நடப்பார்கள்.

கோம்பைப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் அது புதுமையும் இல்லை. மாப்பிள்ளைக்கு அம்மைத் தழும்பு என்று யாரோ பெண்ணின் காதில் ஓதிவிட்டார்கள். விடிந்ததிலிருந்து பெண் அழுதுகொண்டே இருந்தாள். தலை நிமிர்ந்தால் குலத்துக்கு ஆகாது, தாலி ஏறுகிறவரை மண்ணைப் பார்த்தே இரு என்று அவள் தாய் ஆயிரம் தடவை சொல்லி மணவறைக்கு அனுப்பினாள். அழுகிற பெண்ணுக்குத் தாலி ஏறினால் அடுத்து வீடு கேட்டு வருகிறவர்கள் இந்த வீட்டைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று எனக்கு ஒரு கவலை.

பெண் உட்கார்ந்தாள். தலை நெஞ்சில் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அழுகையைக் காணோம். இன்னும் கொஞ்ச நேரத்தில் உதட்டோரம் ஒரு சிரிப்பு. சபையில் எல்லாரும் பெண்ணின் அடக்கத்தைப் பாராட்டினார்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்றார்கள். சடங்கு முடிந்து உள்ளே போனதும் பெண்ணின் நெற்றியைத் துடைத்துவிட்ட என் மனைவி, என்னம்மா ஆச்சு என்று கேட்டிருக்கிறாள். பெண் சொன்ன பதிலை அவள் என்னிடம் வந்து சொல்லி, வாய்விட்டுச் சிரித்தாள்:

“நிமுந்து பாக்கக் கூடாதுன்னுதான சொன்னாக. நான் குனிஞ்ச தலை நிமுராம தரையிலயே பாத்துக்கிட்டேன். மூஞ்சி நல்லாத்தான் இருக்கு.”

நம்ம வீடு

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வாடகை வீட்டில் கல்யாணம் நடத்தினார்கள் என்று பேர் வந்தால் அப்போதெல்லாம் தலைகுனிவு. அதற்கு எங்கள் சனங்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் விடிகாலையில் பெண் வீட்டார் வந்து, கூடத்தில் அடுப்புக் கூட்டிப் பால் காய்ச்சுவார்கள். புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் செய்கிற மாதிரியேதான். பால் பொங்கிவிட்டால் அந்த வீடு அவர்களுடையது. மூன்று நாளைக்கு மட்டும்தான் என்று நீங்கள் நினைப்பீர்கள், நானும் நினைத்தேன். அப்படி இல்லை. வருஷங்கள் கழித்தும், குச்சனூருக்கோ சந்தைக்கோ அந்தப் பக்கம் வண்டியில் போனால் இறங்கி எட்டிப் பார்த்து, ‘நம்ம வீடு நல்லா இருக்கா?’ என்று விசாரிப்பார்கள். மழைக்கு ஒழுகுகிறதா என்று கேட்டு, ஓடு மாற்ற ஆளும் அனுப்பினவர்கள் உண்டு.

ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்கு அத்தை ஒருத்தி வந்திருந்தாள். பால் பொங்கின நிமிஷத்திலிருந்து வீட்டை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். என் விளக்குமாறுகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கினாள். சாவிக்கொத்து அவள் இடுப்புக்குப் போய்விட்டது. என் அறைக்குள் நான் செருப்போடு போவதைக் கூடக் கண்டித்தாள். அன்று பார்த்து, எழுதாமல் கொள்ளாமல், முதலாளி மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கினார். வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்றார். அப்படியானால் எதற்கு வந்தீர்கள் என்றாள். நான் இந்த வீட்டுக்காரன் என்றார் அவர். நான் கூடத்திலிருந்து ஓடி வருவதற்குள் அத்தை கேட்டுவிட்டாள்:

“வீட்டுக்காரகளா? நாங்க இன்னக்கி வெடியக்காலம் பால் காச்சுனோம். நீங்க எப்பக் காச்சுனீக?”

தட்டிப் பார்த்தவர்

முதலாளி உள்ளே வராமலே காரில் ஏறிப் போய்விட்டார். பத்து நாளில் கடிதம் வந்தது. யுத்தம் ஆரம்பித்துத் தேக்குக்குக் கிராக்கி ஏறியிருக்கிறது, தேனியிலிருந்து மரக்கடைக்காரர் ஒருவர் வருவார், வீட்டைக் காட்டவும் என்று எழுதியிருந்தார். நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. எத்தனையோ பேருக்கு வீட்டைக் காட்டியிருக்கிறேன். பிரித்துப் போடுவதற்காக யாருக்கும் காட்டியதில்லை.

சனிக்கிழமை வந்தார்கள். மரக்கடைக்காரர், வியாபாரத்தில் அவருடைய கூட்டாளியான மச்சினர், அதாவது மனைவியின் தம்பி, அப்புறம் அந்த மனைவி. குச்சனூர் கோயிலுக்குப் போகிற வழியில் இறங்கியிருந்தார்கள். மரக்கடைக்காரர் ஒவ்வொரு தூணையும் விரல்முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, சாக்கட்டியால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொண்டே போனார். வைத்தியர் கூட அவ்வளவு கவனமாகக் கேட்க மாட்டார். நான் வழக்கத்தை விடாமல் யானையைப் பற்றிச் சொன்னேன். அவர் திரும்பி, இது யானை இழுத்த மரம் இல்லை, ஆற்றில் மிதந்து வந்த மரம் என்றார். வாங்க வருகிறவனுக்குத்தான் வீட்டைப் பற்றிச் சரியாகத் தெரிந்திருக்கிறது என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அவருடைய மனைவி இதையெல்லாம் கவனிக்கவில்லை. கிணற்றடிக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அடுப்படியில் புகை போக வழி இருக்கிறதா என்று பார்த்தாள். ஈசானிய மூலையில் குழியைக் கண்டு, இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். கூடத்துத் தளத்தில் தன் முகத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். எனக்குச் சட்டென்று புரிந்தது. அந்த அம்மாள் மரம் பார்க்க வரவில்லை. அவர்களுக்கு ஒரே பெண். ஆவணியில் முகூர்த்தம், தேனி வீட்டில் இடம் போதாது. புருஷன் பத்திரத்தை இப்போதே எழுதிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் குறுக்கிட்டாள்:

“மரம் எங்கயும் ஓடிராது. மொதல்ல இங்கன வச்சுப் பொண்ணக் கட்டிக் குடுப்போம். பத்திரத்த அப்புறம் எழுதுங்க.”

நிலையில் மஞ்சள்

நான் சூழ்ச்சி செய்து ஜெயித்ததாகப் பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அவ்வளவு மூளை இருந்தால் காரியஸ்தனாக ஏன் இருக்கிறேன்? நடக்கப்போகிற கடைசிக் கல்யாணம் இது, நன்றாக நடக்கட்டும் என்றுதான் நினைத்தேன். என் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வாயைத் திறந்தேன். பிரிக்கப்போகிற வீட்டில் பால் எதற்கு என்று மரக்கடைக்காரர் கேட்டார். உங்கள் இஷ்டம், ஆனால் இதுவரை இங்கே பால் காய்ச்சாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை என்றேன். அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தாள். விடிகாலையில் பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது.

கல்யாணம் பெரிய கல்யாணம். தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் மர வியாபாரத்தில் இருந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பந்திக்குப் போகும்போது ஒவ்வொருவரும் ஒரு தூணை விரல்முட்டியால் தட்டினார்கள். தொழில் புத்தி. சாப்பிட்டுக் கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வந்து அதே தூணில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். சாக்கட்டி எண்களின் மேல் அந்த அம்மாள் மஞ்சளும் குங்குமமும் வைத்து விட்டிருந்தாள். தாய்மாமன் என்ற முறையில் மச்சினர்தான் பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து, வாசல் நிலையைத் தாண்டி மணவறைக்குக் கூட்டி வந்தார். மூன்று முடிச்சு விழுந்தபோது மரக்கடைக்காரர் அழுதார். அதுவரை அவரை மரம் என்று நினைத்திருந்த எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பத்திரம் பிறகு, பேச்சு போதும் என்று முதலாளி சொல்லியிருந்ததால், ஐந்தாம் நாள் காலையில் கோடாலி, கயிறு, நெம்புகோலோடு எட்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே மரக்கடைக்காரரும் மச்சினரும் வந்தார்கள். நிலையில் பூசின மஞ்சள் அப்படியே இருந்தது. மாவிலை வாடித் தொங்கியது. எங்கே ஆரம்பிப்பது என்று ஆட்கள் கேட்டார்கள். மரக்கடைக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டு நின்றார். பிறகு மச்சினரைப் பார்த்து, தான் பெண்ணைப் பெற்றவன் என்பதால் ‘வெட்டு’ என்று தன் வாயால் சொல்வது நன்றாக இருக்காது, நீ சொல்லிவிடு என்றார். மச்சினர் இரண்டடி பின்னால் போய்விட்டார். சத்தம் போடவில்லை, நிதானமாகத்தான் சொன்னார்:

“நீங்க பெத்ததோட சரி, மச்சான். அவ கையப் பிடிச்சு இந்த நிலையத் தாண்டுனவன் நானு. என்னால ஆகாது.”

கடைசியாகப் பார்க்க வந்தவர்

ஆட்கள் கொண்டுவந்த கட்டுச்சோற்றைக் கிணற்றடியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கோடாலியை ஒரு தடவை கூட ஓங்காமல் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மறைக்கவில்லை. என் மனைவி மூட்டையைப் பிரித்து, பாத்திரங்களைத் திரும்பவும் பரணில் அடுக்கினாள்.

விஷயம் கேள்விப்பட்டு முதலாளி மதுரையிலிருந்து வந்தார். இந்தத் தடவை வாசலில் தடுக்க யாரும் இல்லை, உள்ளே வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் அந்தக் கூடத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. தேனிக்கு ஆள் அனுப்பி மரக்கடைக்காரரை வரவழைத்தார். பேச்சு மாறினவன் என்று அவரைக் கோபித்துக்கொண்டார். நீ இல்லாவிட்டால் எனக்கு மரக்கடையா இல்லை, கம்பத்தில் ஆள் இருக்கிறது, உத்தமபாளையத்தில் ஆள் இருக்கிறது என்றார். கேட்டுப் பார்த்துவிட்டீர்களா என்று மரக்கடைக்காரர் விசாரித்தார். முதலாளி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டிருந்தார் என்று எங்களுக்குப் புரிந்தது.

மரக்கடைக்காரர் பக்கத்திலிருந்த தூணைப் பழக்கதோஷத்தால் ஒரு தடவை தட்டினார். பிறகு அதன் மேலிருந்த குங்குமம் அழிந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டார். மரியாதையில் குறை வைக்காமல்தான் சொன்னார்:

“தேனியில இருந்து கம்பம் வரைக்கும் மரம் வாங்குற ஒருத்தன் பாக்கி இல்லாம எம் பொண்ணு கல்யாணத்துக்கு வந்து இந்தக் கூடத்துல கை நனைச்சுட்டான், ஐயா. கை நனைச்ச வீட்டுல எவன் கோடாலி வைப்பான்? இன்னும் இங்கன சாப்பிடாத ஆளு நீங்க ஒருத்தருதான், நீங்க வேணும்னா எடுங்க.”

முதலாளி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று என் மனைவியிடம் கேட்டார். பன்னிரண்டு வருஷமாக நான்தான் அந்த வீட்டுக்குக் காவல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு செம்புப் பாலும் நாலு பந்திச் சோறும் என்னைவிட ஒழுங்காக அந்த வேலையைப் பார்த்திருக்கின்றன.